தலையாட்டாத அக்கா

அக்கா தலையாட்டமாட்டார். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் வாயைத் திறந்துதான் பதில் வரும். வாய் நிறையச் சோறு இருந்தால் அதை மென்று விழுங்கிய பிறகு "ஓம் கா" என்பாரே தவிர, கழுத்து ஓர் இம்மியும் அசையாது. எனக்கோ டெலிபோனில் கதைக்கும்போதே தலை நாலு பக்கமும் போகும். அக்காவுக்கு முன்னால் இருந்து ஊர்ப்புதினம் சொல்வது சுவரைப் பார்த்துச் சொல்வது போலத்தான். கொஞ்ச நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்து "கேக்கிறியளோ அக்கா?" என்பேன். "கேட்டுக்கிட்டுத்தான் கா இரிக்கன், சொல்லு" என்பார்.

மொன்றியலில் நாங்கள் அப்போது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி வழக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போன காலம். அக்கா எங்களுக்கு மேல்வீடு. கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனம் எல்லாம் யாழ்ப்பாணம், அக்கா ஒருத்தர்தான் சொல்லுக்குச் சொல் 'கா' போடும் மட்டக்களப்பு. அதனால் அவருக்குப் பெயரே தேவைப்படவில்லை, மட்டக்களப்பு அக்கா என்றால் எல்லோருக்கும் விளங்கும். என் வீட்டுக்காரர் மட்டும் வேறு பெயர் வைத்திருந்தார். "உம்மட கழுத்துச் சுளுக்கு அக்கா வந்து கறிவேப்பிலை கேட்டவ" என்பார். அக்காவுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். புருஷனை ஆமி சுட்டது என்று வந்த புதிதில் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை. அந்த நாளில் யாரும் யாரிடமும் அதற்குமேல் கேட்பதில்லை.

தெருமுனையில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். என் மகனும் அக்காவின் மகளும் புதிதாய் வந்த பிள்ளைகளுக்கான ஒரே வகுப்பில் படித்தார்கள். நான் அதற்கு முந்திய குளிர்காலத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் கொத்திப் பொறுக்கி வைத்திருந்தேன். அரைகுறைப் பிரெஞ்சுக்காரிக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த மரியாதை ஒரு டாக்டருக்குக்கூட இருந்திராது. காய்ச்சலுக்கும் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள், கரண்ட் பில்லுக்கும் என்னைத்தான்.

அக்கா மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று எனக்கு சென்ட் லோரன்ட் தையல் ஃபாக்டரியில் வேலை. தனியே போய்விட்டார். பின்னேரம் பிள்ளையை யார் வந்து கூட்டிக்கொண்டு போவது, நீங்களா என்று அலுவலகத்தில் பிரெஞ்சில் கேட்டிருக்கிறார்கள். அக்கா "ஓம்" என்றிருக்கிறார். பிரெஞ்சில் ஆம்பிளைக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட அதே ஓசைதான். சரி, வீட்டில் ஓர் ஆம்பிளை இருக்கிறார், அவர்தான் வருவார் என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அன்று பின்னேரம் அக்கா வாசலில் போய் நின்றால் ஆசிரியை பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவர் "ஓமோ?" என்று கேட்கிறார், அக்கா "ஓம், ஓம்" என்கிறார். ஆசிரியை அந்த ஓமைத் தேடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். பஸ்ஸால் இறங்கி வந்த நான் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் விலா நொந்தது. விளங்கப்படுத்தியதும் ஆசிரியையும் சிரித்தார், அக்காவும் சிரித்தார்.

"தலையை ஒருக்கா ஆட்டியிருந்தா அப்பவே அவைக்கு விளங்கியிருக்குமெல்லோ அக்கா?"

"அது எனக்கு ஒண்ணாது கா" என்றார். ஏலாது என்பதை மட்டக்களப்புப் பக்கம் ஒண்ணாது என்பார்கள். பழக்கமில்லை என்று சொல்லாமல் ஏன் ஏலாது என்று சொல்கிறார் என்று எனக்குள் ஒரு கேள்வி வந்து போனது. ஆனால் பசி நேரம், விட்டுவிட்டேன்.

இலையுதிர் காலம் வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விசர் பிடித்துவிடும். ஒரு சனிக்கிழமை பெற்றோரும் பிள்ளைகளுமாக முற்றத்து இலை கூட்டவேண்டும், அடுத்த கிழமை தோட்டத்துக்குப் போய் அப்பிள் பிடுங்கவேண்டும், பிறகு பூசணிக்காய், பிறகு எல்லாரும் சமைத்துக் கொண்டுவந்து ஒன்றாய் இருந்து சாப்பிடும் விருந்து. இரவு வேலை முடித்துவந்த தகப்பன்மார் இலைக்குவியலுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்குவார்கள். ஒரு வருஷம் வீட்டுக்கு ஒரு பூசணிக்காய் தந்துவிட்டார்கள். அதில் முகம் வெட்டிக் கொண்டுவரவேண்டும் என்பது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. திங்கட்கிழமை ஆசிரியை என் மகனிடம் பூசணிக்காய் எங்கே என்று கேட்க, அவன் "தின்டிட்டம்" என்று நல்ல பிரெஞ்சில் சொல்லியிருக்கிறான். அக்கா இன்னும் ஒருபடி மேலே போனார். பிறகு வகுப்பில் வைத்து வேறு பூசணிக்காய்களில் முகம் வெட்டியபோது தோண்டி எறிந்த உள்ளீட்டையெல்லாம் கேட்டு வாங்கிவந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கி, ஆசிரியைக்கே ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டார். எதையும் வீணாக விடமாட்டாத மனுஷி. எனக்குச் சில வேளை எரிச்சல்கூட வரும்.

அப்பிள் தோட்டத்துக்குப் போனபோதுதான் முதல் தரம் எனக்கு ஏதோ இடித்தது. தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கி உயரக் கொப்பில் காய் பிடுங்க விட்டார்கள். அக்காவின் மகள் மரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். என் வீட்டுக்காரர் அவளையும் தூக்கித் தோளில் வைத்தார். மேலே இருந்துகொண்டு "மாமா, எங்கட அப்பாவும் உங்களப்போல உசரமா?" என்று கேட்டாளாம். இவர் அக்காவின் புருஷனைக் கண்டவரா என்ன? "ஓம், நல்ல உயரம்" என்றிருக்கிறார். "அப்பா காய்ச்சல் வந்து செத்தவர்" என்றிருக்கிறாள் பிள்ளை.

"ஆமி சுட்டதெண்டெல்லோ தாய் சொன்னவ?" என்று இவர் வீட்டுக்கு வந்து கேட்டார்.

"பிள்ளைக்குச் சுட்டதெண்டு சொல்லேலுமே? நீங்கள் உதைக் கிளறாதேங்கோ" என்று அடக்கிவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயமெல்லாம் கண்ணில் பட்டது. மொன்றியலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்குள் அக்காவுக்கு இது மூன்றாவது வீடு. ஏன் என்று கேட்டால் "சரிவரல்ல கா" என்று முடித்துவிடுவார். பழைய இரண்டு பள்ளிக்கூடத்திலும் மகள் ஒரு சொல் கதைக்கவில்லை. ஊமை என்று நினைத்து வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். இங்கேயும் ஒரு வருஷம் போனபிறகுதான் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தாள். திறந்தபிறகு மூடவில்லை. தமிழும் பிரெஞ்சுமாய்ப் படியெல்லாம் அவள் சத்தம்தான். "இந்தப் பிள்ளையை இனி இடம் மாற்றாதீர்கள், மறுபடி மூடிக்கொள்வாள்" என்று ஆசிரியை அக்காவுக்குச் சொல்லச்சொல்லி என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அக்கா "ஓம் கா, மாத்தமாட்டன்" என்றார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அந்த வகுப்புக்கு ஒரு புதுப் பையன் வந்தான். தாய் மட்டக்களப்பு. வாசலில் கண்டு கதைத்த சந்தோஷத்தில் படி இரண்டிரண்டாய் ஏறி ஓடிப்போனேன்.

"அக்கா, உங்கட ஊர் ஆள் ஒருத்தி வந்திருக்கிறா! இனி உங்களுக்குக் கதைக்கத் துணை."

அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கமாம்?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன், பெயரையும் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார். அடுத்த நாள் மூலைக்கடையிலிருந்து வெறும் வாழைப்பழப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். நகரின் மறுகோடியில் பியர்ஃபொன்ட்ஸ் பக்கம் ஒரு வீட்டுக்காரி பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறாளாம், தங்க அறையும் தருவாளாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கென்ன விசரோ? இப்பதானே பிள்ளை கதைக்கத் துவங்கினவள். மாத்தமாட்டன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அக்கா பெட்டியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மகள் உள்ளே படம் கீறிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்கட இவர் சங்கக்கடை மனேச்சர் கா. கூப்பனுக்குச் சாமான் குடுக்கிறவர். ஊரில அவருக்குத் தெரியாத முகம் இல்ல. அதுக்குத்தான் ஆமி புடிச்சித் தலையாட்டியாக்கினது."

எங்கள் பக்கத்துச் சனத்துக்குத் தலையாட்டி என்றால் விளக்கம் வேண்டியதில்லை. ஊரைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகளையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்க வைப்பார்கள். முன்னால் ஓர் உருவம், தலையிலிருந்து முழங்கால் வரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராய் அதன் முன்னால் போகவேண்டும். சாக்குக்குள் தலை ஆடினால் ட்ரக், ஆடாவிட்டால் வீடு. ட்ரக்கில் ஏறியவர்களில் திரும்பி வந்தவர் குறைவு.

"சீனிச் சாக்கு கா. எங்கட சங்கக்கடைச் சாக்கு. பெருவிரல் நகம் இல்லாத காலைக் கண்டன், இவர்தான் எண்டு தெரிஞ்சிட்டுது. பொம்பிளையளெல்லாம் வேலிக்கு அங்கால நிண்டம். இப்ப வந்திருக்கிறவ எனக்குப் பக்கத்தில. அவட தம்பி வந்தான். இவர் ஆட்டினார். அதுக்குமேல நான் நிமிந்து பாக்கல்ல, நிலத்தத்தான் பாத்துக்கிட்டு நிண்டன்."

பிறகு ஆமி அவரை விட்டுவிட்டது. இயக்கப் பெடியள் துரோகி என்று சுட்டார்கள். ஒருவரும் சாவீட்டுக்கு வரவில்லை. "ஊரில அழுதா துரோகிக்கு அழுறவள் எண்டுவாங்க. இஞ்ச அழுதா என்னத்துக்கு எண்டு கேப்பாங்க" என்றார் அக்கா. மகளுக்கு இது ஒரு நாளும் தெரியக்கூடாது, அது ஒன்றுதான் தனக்கு வேண்டும் என்றார்.

உண்மையைச் சொல்லவேண்டும், எனக்கு முதலில் அந்த மனிதன்மேல் கோபம்தான் வந்தது. என் சித்தியின் மகனையும் இப்படியொரு சாக்குதான் காட்டிக் கொடுத்தது. பிறகு அக்காவின் அசையாத கழுத்தைப் பார்த்தேன். அதைத்தான் சுளுக்கு என்று சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தில் குடும்பங்களுக்கான இலையுதிர் கால விழா. பிள்ளைகள் ஏதோ விளையாட்டு ஆயத்தம் பண்ணினார்கள். என்னவென்று பெற்றோருக்குச் சொல்லக்கூடாது என்று ஆசிரியை கட்டளை. பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்று மட்டும் வீட்டிலிருந்து கேட்டார்கள். அக்காவின் மகள் காலைப் பிடித்துக் கெஞ்சினாள், அவள் இல்லாமல் விளையாட்டு நடக்காதாம். "அது மட்டும் முடியட்டும். மறுகா போறம்" என்றார் அக்கா.

விழாவன்று ஜிம் மண்டபம் முழுக்கக் கடதாசி இலை தொங்கியது. அக்கா தலையை ஸ்கார்ஃபால் மூடிக்கொண்டு ஆகக் கடைசி மூலையில் நின்றார், நான் பக்கத்தில். அந்தப் புதிய பெண் வாசலோடு நின்றார். நாங்கள் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றி வைத்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயம். எல்லாம் கோயிலடியில் இலவசமாய்க் கொடுத்த ஒரே மாதிரி நீலக் கோட்டுகள். பெற்றோரைச் சுவரோரமாய் வரிசையாக நிற்கச் சொன்னார் ஆசிரியை. பிறகு விளையாட்டைச் சொல்ல, நான் எங்கள் சனத்துக்குச் சத்தமாய்த் தமிழில் சொன்னேன்.

"பிள்ளையள் சீலையால மூடிக்கொண்டு வருவினமாம். வாய் திறக்கமாட்டினம். தங்கட தாய் தேப்பனுக்கு முன்னால வந்து நிண்டு மூண்டு தரம் தலையை..."

ஆட்டுவினம் என்ற சொல்லுக்குமுன் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் கதவு திறந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வெள்ளை வெள்ளையாய்ச் சின்ன உருவங்கள், கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

"பாருமப்பா, தலையாட்டியள் வருகினம்" என்றார் என் வீட்டுக்காரர். இரண்டொரு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தொடரவில்லை. எங்கள் ஆம்பிளைகளைப் பார்த்தேன். பகிடி விட்ட இவர் உட்பட எல்லோரும் கையை உடம்போடு ஒட்டி வைத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நில்லுங்கள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மற்றப் பெற்றோர் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

ஓர் உருவம் எனக்கு முன்னால் வந்து ஆட்டியது. என் மகனின் சப்பாத்து. சீலையைத் தூக்கிக் கட்டிப்பிடித்துவிட்டு நிமிர்ந்தபோது, சிவப்பு பூட்ஸ் போட்ட ஒன்று வரிசையின் அந்தப் பக்கம் தடவித் தடவிப் போவதைக் கண்டேன். அக்காவின் மகள். ஓட்டைகள் ஒரு பக்கம் சரிந்துவிட்டன, பிள்ளைக்குக் கோட்டுக்கு மேலே ஒன்றும் தெரிந்திராது. அவள் வாசலோடு நின்ற நீலக் கோட்டுக்கு முன்னால் போய் நின்றாள். நின்று மூன்று தரம் தலையாட்டினாள்.

அந்தப் பெண் சீலையைத் தூக்கினார். வியர்த்த முகம். தகப்பனை உரித்து வைத்த முகம் என்று பிறகு அறிந்தேன். அவர் குனிந்து, எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் கேட்பதைத்தான் கேட்டார்.

"ஆர்ர புள்ள மனே நீ?"

யாருடைய பிள்ளை என்ற அந்தக் கேள்விக்குத் தகப்பன் பெயரைத்தானே சொல்வது. பிள்ளை தகப்பன் பெயரைச் சொன்னாள். புதிதாய்க் கதைக்கப் பழகிய பிள்ளை, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

அந்தப் பெண் அவளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசை முழுவதையும் தாண்டி எங்களிடம் வந்தார். நான் குறுக்கே நிற்கலாமா என்று நினைத்தேன். பிள்ளையை என் மகனோடு அப்பிள் ஜூஸ் மேசைக்கு அனுப்பினேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

"என்ட தம்பிக்கு ஆட்டினான்" என்றார் அந்தப் பெண்.

"கண்டன்" என்றார் அக்கா.

"தம்பிக்குப் பின்னால என்ட மூத்தவன் போனான். அதைக் கண்டியா?"

"இல்ல. நான் பாக்கல்ல."

"ஆட்டல்ல. உன்ட புருஷனத் துவக்குப் புடியால இடிச்சாங்க, உழுந்தான். எழுப்பி நிப்பாட்டிக் கேட்டாங்க. ஆட்டல்ல. இன்னும் இடிச்சாங்க, சாக்கெல்லாம் ரெத்தம். கடைசிவரைக்கும் ஆட்டல்ல. என்ட மகன் இப்ப ஜேர்மனியில இரிக்கான்." குரலில் துளி இளக்கமும் இல்லை. "ரெண்டும் உன்ட புருஷன்தான். நான் இதை என்ன கா செய்யிற? சொல்லு. நீ இனி எங்கயும் போயிடாத, எனக்குக் கேக்க ஆள் வேணும்."

அக்கா சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். வாயை ஸ்கார்ஃப் முனையால் பொத்திக்கொண்டார், அதையும் மீறிச் சத்தம் வந்தது. அத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆசிரியை பதறிக்கொண்டு வந்து என்ன என்று கேட்டார். மகளின் விளையாட்டைப் பார்த்த சந்தோஷம் என்று எனக்கு வந்த பிரெஞ்சில் சொல்லிவைத்தேன். அவர் கண்ணும் கலங்கியது. எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து, "அக்கா, எழும்புங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்று கையைப் பிடித்தேன்.

அந்தப் பெண் என் கையை விலக்கிவிட்டார்.

"உடு கா அவள" என்றார். பிறகு அக்காவுக்குப் பக்கத்தில் தானும் நிலத்தில் இருந்தார், தொடவில்லை.

"அழு. அவனுக்கு ஆரும் அழல்ல, நீ அழு. என்ட தம்பிக்கும் சேத்து அழு."